நான்குமாலில் இருந்த வாய்க்கால்: மதுரையின் பத்து எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மேலூரில் தொடங்கி உசிலம்பட்டி வரை மதுரை மாவட்டத்தில் பத்துத் தொகுதிகள். சென்னையில் மாறுகிற நிலச் சட்டங்களையும் பத்திரங்களில் காணாமல் போகிற வாய்க்கால்களையும் பற்றி, யார் எந்தக் கட்சி என்று பார்க்காமல் பத்துப் பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ஆவண எழுத்தர், அதாவது பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். நகரின் வடபுறத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் முப்பது வருஷமாக ஒரே மேசை. சென்னையில் நிலத்தைப் பற்றி நீங்கள் எந்தச் சட்டத்தைத் திருத்தினாலும் கொஞ்ச நாளில் அது என் மேசைக்கு வந்துவிடும். வரும்போது சட்டமாக வராது. "அண்ணே, இனிமே இதைப் பதிய மாட்டாங்களாமே?" என்று பதறிக்கொண்டு வருகிற ஒரு மனிதராகத்தான் வரும்.

2016 செப்டம்பரில் அப்படித்தான் ஒருவர் வந்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருப்பாலைப் பக்கம், அது மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்பே, மூன்று சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார். மகள் கல்யாணத்துக்கு அதை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டார். பத்திரமும் அடித்து வைத்தாயிற்று. அந்த வாரம்தான், செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அது ஏற்கெனவே மண்டபத்துக்கும் நகைக்கும் போயிருந்தது. அவர் என் மேசைக்கு முன்னால் இருந்த பெஞ்சில் மத்தியானம் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் செய்த தப்பு என்ன? "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஒரு வரைபடத்தை நம்பியதுதான். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பதிவு அலுவலகம் அந்த மனையைப் பதிந்தது, மின்வாரியம் கம்பம் நட்டது. 2011-ல் மாநகராட்சி எல்லை விரிந்து, சுமார் 52 சதுர கிலோமீட்டர் 148 ஆகவும் 72 வார்டு 100 ஆகவும் ஆனபோது, அந்த இடத்துக்கு மாநகராட்சி வரியும் வந்தது. எல்லாரும் ஒப்புக்கொண்ட மனை ஒரு செப்டம்பர் காலையில் ஒப்புக்கொள்ளாத மனையாகிவிட்டது. அடுத்த வருஷம் தடை தளர்ந்து, முன்பே ஒரு தடவை மனையாகப் பதிவானவற்றை மறுவிற்பனை செய்யலாம் என்று ஆனது. ஆனாலும் வரன்முறை, அதாவது கட்டணம் கட்டி அரசின் ஒப்புதல் வாங்குவது, இல்லாமல் பேங்க் லோனும் கிடையாது, கட்டட அனுமதியும் கிடையாது. அவர் பாதி விலைக்கு விற்றார். கல்யாணம் நடந்தது.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நிலச் சட்டம் எங்களுக்கு ஒரு தேதியாகத்தான் வந்து சேருகிறது. 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னால் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதி மீறிக் கட்டியிருந்தால் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். அப்புறம் 113-சி வந்தது, அதற்குத் தேதி 2007 ஜூலை 1. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்கிற, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20-ல் அமலானது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்யும் 2017-ன் விதிகள் அதே தேதியைக் கோடாகக் கிழித்தன. விண்ணப்பிக்கும் கெடுவை மட்டும் திரும்பத் திரும்ப நீட்டினார்கள்.

1999, 2007, 2016. எங்கள் அலுவலக வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தரகர்கள் கணக்கில் புலி. எட்டு வருஷம், அப்புறம் ஒன்பது வருஷம், ஆகவே அடுத்த தேதி வருகிற நேரம்தான் என்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அதை நம்பித்தான் இன்றைக்கும் ரிங் ரோட்டுக்கு வெளியே நஞ்சையில் கல் ஊன்றுகிறார்கள்.

அந்த 2017 விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. 2016 அக்டோபர் 20-க்குள் மனைப்பிரிவில் ஒரு மனையாவது பதிவாகியிருந்தால் போதும், மொத்த மனைப்பிரிவும் வரன்முறைக்குத் தகுதி பெறும். விவரம் தெரிந்தவர் மச்சான் பெயருக்கு ஒரு மனையை எழுதி வைத்திருந்தால் அவருடைய ஐந்து ஏக்கரும் தப்பித்தது. விவரம் தெரியாமல் மூன்று சென்ட் வாங்கியவரோ வளர்ச்சிக் கட்டணம், வரன்முறைக் கட்டணம் என்று தன் கையிலிருந்து கட்டினார். பூங்காவுக்கு விடாத இடத்துக்கும் போடாத ரோட்டுக்கும் சேர்த்து, லே-அவுட் போட்டவர் செலுத்தியிருக்க வேண்டியதைக் கடைசியில் வாங்கியவர் செலுத்தினார். சட்டம் போட்டவர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 22-ஏ தேவையான பிரிவுதான், அது இருபது வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டும். ஆனால் குற்றத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டால், அந்தத் தேதியை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறவன்தான் ஜெயிப்பான்.

சரி, பணத்தோடு போனால் போகட்டும். எனக்கு உறுத்துவது வேறொன்று.

பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும் இடத்தில் நான்குமால் எழுதுவோம். இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, இன்ன பாதைக்குத் தெற்கு என்று நான்கு பக்க எல்லை. பட்டாவையும் புல வரைபடத்தையும் விட எனக்கு நான்குமால்தான் பேசும். ஒரு சொத்துக்கு நாலு தலைமுறைப் பத்திரங்களை வரிசையாக வைத்து அந்த ஒரு பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். என் கைக்கு வந்த ஒரு சொத்தின் கதை இது. தாய்ப்பத்திரத்தில் "கண்மாய் வரத்துக் காலுக்குத் தெற்கு" என்றிருந்தது. அடுத்த கிரயத்தில் அது "ஓடைக்குத் தெற்கு". அதற்கடுத்த பாகப்பிரிவினையில் "புறம்போக்குக்குத் தெற்கு". கடைசிப் பத்திரத்தில் "20 அடி அகலப் பொதுப்பாதைக்குத் தெற்கு". சர்வே நம்பர் மாறவில்லை, நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை. மூன்று கைமாற்றத்தில் ஒரு வாய்க்கால் காய்ந்து, பெயர் இழந்து, ரோடாகிவிட்டது.

அந்தக் கடைசிப் பத்திரத்தை எழுதியது நான்தான். எழுத வந்த பார்ட்டி பாதை என்றார், போய்ப் பார்த்தேன், பாதைதான் இருந்தது, எழுதினேன். நீர்நிலையில் உள்ள மனைக்கு வரன்முறை கிடையாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வாய்க்கால் காகிதத்தில் செத்துப்போன பிறகு அந்த விதி எதைப் பிடிக்கும்?

2024 அக்டோபர் 25-ம் தேதி மழை உங்களுக்கு மறந்திருக்காது. ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்த்தது. செல்லூர் கண்மாய் நிறைந்து, அதன் உபரி நீர் வைகைக்குப் போக வேண்டிய பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், செல்லூரிலும் கட்டபொம்மன் நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. உங்களில் சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தீர்கள். அதே அக்டோபர் மாதத்தில்தான் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் நடைமுறைக்கு வந்தது. மதுரையில் இரண்டையும் சேர்த்துப் பேசியவர்களை நான் பார்க்கவில்லை. எல்லாரும் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சட்டம் 2023 ஏப்ரல் 21-ம் தேதி பேரவையில் விவாதம் இல்லாமலே நிறைவேறியது. அதே நாளில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் பத்து நாளில் திரும்பப் பெறப்பட்டது. கண்மாய்க்குத் தொழிற்சங்கம் கிடையாது. விவசாயிகளும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள், ஆனால் இந்தச் சட்டம் நிலைத்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், குறைந்தது 100 ஹெக்டேர், அதாவது சுமார் 247 ஏக்கர் கொண்ட ஒரு திட்டத்தை அரசு சிறப்புத் திட்டம் என்று அறிவிக்கலாம். அந்த நிலத்துக்குள் ஓடையோ வாய்க்காலோ குளமோ குறுக்கே இருந்தால், நிபுணர் குழு பார்த்து, அரசு நிலத்தையும் திட்டக்காரரின் நிலத்தையும் பரிமாற்றம் செய்து ஒருசேர ஆக்கித் தரலாம். நீர்நிலையின் கொள்ளளவு குறையாது என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள்.

மதுரைக்காரனுக்கு அந்த உறுதிமொழி போதாது. கொள்ளளவு மட்டும் கண்மாய் ஆகிவிடாது. மேல் கண்மாய் நிரம்பி வழிகிற மறுகால்தான் கீழ் கண்மாயின் வரத்து. மடை எந்த மட்டத்தில் இருக்கிறது, உபரி நீர் வழியும் கலுங்கு எந்தப் பக்கம் திறக்கிறது, பாசனம் பெறும் ஆயக்கட்டு எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த இடத்தோடு பிறந்தவை. அதே அளவுக்கு வேறொரு மூலையில் குழி தோண்டித் தந்தால் அதில் மழைநீர் நிற்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நீர்நிலை என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இருக்கக் கூடாது. நீர்நிலை உள்ள இடத்தைப் பரிமாற்றத்துக்கு வெளியே வைத்துவிட்டு, மீதியை எப்படி வேண்டுமானாலும் ஒருங்கிணைத்துக்கொள்ளட்டும்.

அரசாங்கத்தின் கையும் சுத்தமில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். மாநகராட்சித் தலைமை அலுவலகம் நிற்பது பழைய தல்லாகுளம் கண்மாயில். 2004-ல் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாயில். வில்லாபுரத்தில் கண்மாயைத் தூர்த்துக் குடியிருப்பே வந்தது. இவ்வளவுக்கும் 2007-ல் குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே போட்டீர்கள். ஒரு கையில் அந்தச் சட்டம், மறு கையில் 2023-ன் சட்டம். எதைக் காட்டிப் பார்ட்டியிடம் பேசுவது என்று எனக்கே சில நாள் குழப்பமாக இருக்கிறது.

நிலத்தின் உபயோகத்தை மேலிருந்து ஓர் உத்தரவு மாற்றுவது மதுரைக்குப் புதிதல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். விளக்குத்தூணைத் தாண்டும்போது எனக்கு எப்போதும் கலெக்டர் பிளாக்பர்ன் நினைப்பு வரும். 1840-களை ஒட்டிக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர் அவர். இடித்துச் சமப்படுத்துகிறவர்களுக்கே அந்த இடம் என்று அறிவித்தார். வெளி வீதிகள் பிறந்தன, மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலை பார்த்தவர்கள் பெயரில் இன்றும் இருக்கின்றன. மதுரையின் முதல் பெரிய லே-அவுட் அதுதான் என்பேன். ஆனால் அந்த மனுஷன் பக்கத்திலேயே குடியிருந்தார். அளந்தவரும் மேஸ்திரியும் தெருவில் நின்றார்கள். இன்றைக்கு மதுரையின் தெருவுக்கான விதி சென்னைக்கும் ஓசூருக்கும் சேர்த்து ஒரே அச்சில் வருகிறது.

2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைச் சொல்கிறேன். எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு, ஒன்றரையிலிருந்து இரண்டானது. 1,200 சதுர அடி மனையில் 1,800 கட்டலாம் என்றிருந்தது 2,400 ஆனது. அகலமான ரோடு என்றால் பணம் கட்டி இன்னும் கூட்டிக்கொள்ளலாம். வீடு கட்டுகிறவனுக்கு இது நல்லதுதான், நானே என் மகனுக்கு மாடி எடுத்தது இதனால்தான். ஆனால் மாடி கூடின தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் கூடவில்லை. நரிமேட்டிலோ கே.கே.நகரிலோ சாயங்காலம் ஒரு நடை போய்ப் பாருங்கள், மூடி வழியாகத் தெரியும்.

ஒரே அச்சு என்றாலும் மதுரைக்கென்று ஒரு வரி எழுத முடியாதா என்றால், முடியும். மீனாட்சியம்மன் கோயில் வெளிச்சுவரிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்று 1997-ல் போட்ட அரசாணை இருக்கிறதே. அதை மீறியவர்கள் நிறையப் பேர், வழக்கும் மதுரைக் கிளைக்குப் பலமுறை போனது. ஆனாலும் மாசி வீதியில் நின்றால் இன்னமும் கோபுரம் தெரிகிறது என்றால் அந்த ஒரு வரியால்தான். கோபுரத்துக்கு எழுத முடிந்த வரியை வரத்துக் காலுக்கு எழுத முடியாதா என்பதே என் கேள்வி.

நல்லதையும் சொல்கிறேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை ஏழைபாழைகளுக்குப் பெரிய உதவி. 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும், ஆன்லைனில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. முன்பெல்லாம் ஒரு பிளான் அப்ரூவலுக்கு எத்தனை நடை, எத்தனை டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் விலாவாரியாக எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். அந்த நடை மிச்சம். ஆனால் மனைக்குப் பின்னால் வாய்க்கால் இல்லை என்று அந்தப் படிவத்தில் சான்று சொல்பவர் யார்? சொந்தக்காரரேதான். அவர் எதைப் பார்த்துச் சொல்வார்? நான் எழுதிக் கொடுத்த பத்திரத்தைப் பார்த்து. அதில் "20 அடி அகலப் பொதுப்பாதை" என்றுதானே இருக்கிறது.

அரிட்டாபட்டியை ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியவில்லை. 2023-ல் தில்லியில் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குப் போனது. மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டியையும் சேர்த்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டனுக்காக ஏலம் போனது. 2024 டிசம்பர் 9-ல் நம் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, மேலூர்க்காரர்கள் தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள், 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. தூரத்தில் மாறுகிற ஒரு சட்டம் உள்ளூர்க்காரனைக் கேட்காமல் அவன் காலடியை எடுத்துவிடும் என்பதைத் தில்லியிடம் சொல்லத் தெரிந்த அவைதான் அது. அதையேதான் நான் இப்போது சென்னையிடம் சொல்கிறேன்.

இதில் மாநகராட்சிக் கவுன்சிலர்களைக் கேட்டும் பயனில்லை. நகரமைப்பும் நில உபயோகமும் நகராட்சிகளுக்கு உரிய வேலை என்று அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை சொன்னாலும், விவசாய மண்டலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றும் கையெழுத்து நூறு கவுன்சிலர்களில் ஒருவரிடமும் இல்லை. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் அமலானபோது மதுரைக்கென்றிருந்த 1971-ன் மாநகராட்சிச் சட்டமும் போய்விட்டது. நில வகைப்பாடு மாற்றுகிற அறிவிப்பு பேப்பரின் ஓரத்தில், இரங்கல் விளம்பரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக வரும். பக்கத்து வயல்காரர் அந்தப் பேப்பரை வாங்குகிறவராக இருக்க வேண்டும், அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கவும் வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிய புரட்சியெல்லாம் இல்லை. அடுத்த முறை ஒரு வரன்முறைத் தேதியை நிர்ணயிக்கும் மசோதாவோ விதியோ வந்தால், அதில் இந்த ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த மனையை வரன்முறை செய்வதற்கும் முன்னால், 1980-களில் யுடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு நடப்பதற்கு முந்தைய, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் கிடைக்கிற ஆகப் பழைய தாய்ப்பத்திரத்தின் நான்குமாலையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் கால், ஓடை, வாய்க்கால், மறுகால் என்று எந்தச் சொல் இருந்தாலும் அந்தக் கோட்டைப் புல வரைபடத்தில் திரும்ப வரைந்த பிறகுதான் மேலே நகர வேண்டும். கட்டணத்தைப் பொறுத்தவரை, லே-அவுட் போட்டவர் உயிரோடும் வசதியோடும் இருந்தால் முதலில் அவரிடம் வாங்க வேண்டும்.

நில ஒருங்கிணைப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்டத்தில் ஏதாவது விண்ணப்பம் வந்திருக்கிறதா, வந்திருந்தால் எந்தக் கண்மாய், எந்த சர்வே நம்பர் என்று அவையில் ஒரு கேள்வி போடுங்கள். பத்துப் பேரில் ஒருவர் கேட்டாலும் போதும், பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும். மண்டல மாற்ற அறிவிப்புகளை அந்தந்த வார்டின் பகுதி சபையில் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊரில் யாராவது ஒரு கிழவி எழுந்து, "அது எங்க வயலுக்குத் தண்ணி வந்த கால்ல" என்று சொல்லிவிட்டால் எந்த நிபுணர் குழுவும் தேவைப்படாது.

நான் சொன்ன அந்த நாலு பத்திரங்களைப் போல, சொந்தக்காரர் பெயரை மறைத்து, நான்குமால் பத்தியை மட்டும் நகலெடுத்து ஒரு கட்டு வைத்திருக்கிறேன். நேரில் வந்தால் காட்டுகிறேன். முகூர்த்த நாளில் வராதீர்கள், உட்கார இடம் இருக்காது. ஆடி மாதத்தில் வாருங்கள். யாரும் கிரயம் செய்ய வராத மாதம், எனக்கும் நிதானமாகப் பேச நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
மதுரை.